பக்கத்து வீட்டுக் குறட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாய் எதுவும் வரவில்லை.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், காலை எட்டரை மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், நடுத்தடுப்பின் மேல் நான் காரை ஏற்றி நிறுத்தியதற்குக் காரணம் குறுக்கே வந்த நாய் என்று மனைவியிடம் சொன்னேன். மாடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். மெக்கானிக்கிடம் சொன்னேன். ஆள் மாற மாற நாயும் வளர்ந்தது. மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தபோது அது கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. உண்மை என்னவென்றால், நான் தூங்கிவிட்டேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மரியாதையான ஒரு மனிதனைப் போலத் தூங்கிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் இருந்தவள் என் மகள் யாழினி. திருப்போரூர் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள் நாயைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள், அவ்வளவுதான். என் மனைவி கோமதி கார் சாவியை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்தாள். அந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கிறேன், அந்த இடத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"தூக்கத்துக்கு டாக்டரப் பாரு, அப்புறம் சாவியப் பாரு" என்றாள். நான் தூங்குவதில் கெட்டிக்காரன், தூக்கத்துக்கு எதற்கு டாக்டர் என்று கேட்டேன்.

என் வயது ஐம்பத்திரண்டு. உரமும் விதையும் விற்கிற வேலை. சட்டையின் மேல் பொத்தான் என் கழுத்தைச் சந்தித்துப் பல வருடமாகிறது. பிரஷர் மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் மும்தாஜ் என்று ஒரு நர்ஸ். நம் மாவட்டத்தில் எத்தனை பெரியவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கணக்கெடுக்கிற குழுவில் அவரைப் போட்டிருந்தார்கள். "அண்ணா, கருங்குழிப் பக்கம் உங்களுக்குத் தெரியாத வீடு இல்ல. மூணு நாள் கூட வாங்களேன். நீங்க சொன்னா ஜனங்க பேசுவாங்க" என்றார்.

உடனே ஒப்புக்கொண்டேன். சேவை மனப்பான்மை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று நாள் நர்ஸ் கூடவே திரிந்தால், 'பாரு, மூணு நாளா பக்கத்துலயே இருந்த நர்ஸே ஒண்ணும் சொல்லல' என்று கோமதியிடம் சாவி கேட்கலாம். திட்டம் அதுதான்.

முதல் நாள் காலை ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினேன். செங்கல்பட்டு வண்டியில் தூங்குவதில் ஒரு நிம்மதி உண்டு. கடைசி ஸ்டேஷன் அதுதான், வண்டி அதற்கு மேல் போகாது, யாராவது தட்டி எழுப்புவார்கள். அந்த நிம்மதியில் தூங்கினேன். நான் ஏறியது திருமால்பூர் வரை போகிற வண்டி. கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வயலும் கொக்கும். பாலூர். எதிர் சீட்டில் கூடையோடு இருந்த அம்மாவிடம், செங்கல்பட்டு போய்விட்டதா என்று கேட்டேன்.

"அது எப்பவோ போயிடுச்சு. நீ வுட்ட சத்தத்துல நான் எறங்குறவங்களக்கூட கவனிக்கல" என்றாள்.

பஸ் பிடித்துத் திரும்பிச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்தில் மும்தாஜ் ஒரு பையில் படிவங்களும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ரயில் லேட் என்றேன். நாயை ஒரு முறை பெற்றவனுக்கு ரயிலை லேட்டாக்குவது பெரிய வேலையா?

கருங்குழியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பால் சொசைட்டி வாசலில் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்தேன். படிவத்தை யாரோ படித்தவர்கள் தமிழில் எழுதியிருந்தார்கள். முதல் கேள்வியை நான் உரக்கப் படித்தேன்: "பொது இடமொன்றில் செயலற்று அமர்ந்திருக்கையில் தாங்கள் கண்ணயர வாய்ப்புண்டா?"

ஏழுமலை என்று ஒரு விவசாயி, தென்னை ஓலைக்குக் கால் முளைத்தது போல ஒல்லியான ஆள், எழுந்து கேட்டார்: "சார், செயலற்று உக்காந்தா தூங்காம வேற இன்னா பண்ணுவாங்க?"

அடுத்த கேள்வி, வாகன நெரிசலில் காரில் காத்திருக்கும்போது தூக்கம் வருமா என்பது. "கார் இல்ல சார். எலக்சன் மீட்டிங்ல வரும். அத எழுதிக்கலாமா?" என்றார். மும்தாஜ் எழுதிக்கொண்டார்.

பிறகு முக்கியமான கேள்வி. குறட்டை விடுவீர்களா?

ஒருவரும் இல்லை. கழுத்தைச் சுற்றி நாடா எட்டாத ஆள்கூட இல்லை என்றார். நாங்கள் கேட்டது குறட்டையையா, திருட்டையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மனைவிமார்களைத் தனியாகக் கேட்டுப் பார்த்தோம். "எங்க வூட்டுக்காரரு கொழந்த மாதிரி தூங்குவாரு" என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். வெளியிலிருந்து வந்த இரண்டு பேரிடம் கட்டினவனைக் காட்டிக்கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

மதியம் ஏழுமலை வீட்டில் சாப்பாடு. களியும் கருவாட்டுக் குழம்பும். குழம்பு நாக்கில் பட்டதும் கண் தானாகத் திறந்தது. களி உள்ளே போனதும் தானாக மூடிக்கொண்டது. மும்தாஜ் வெறும் படிவங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "இந்த ஊர் கணக்கு சைபர்ணா. இத நடத்துற டாக்டரம்மா நான் வீட்லயே உக்காந்து எழுதினேன்னு சொல்லுவாங்க."

கை கழுவப் போனபோது அடுத்த வீட்டுத் தனம் வேலியோரம் நின்றிருந்தாள். சும்மா பேச்சுக்கு, "ஏம்மா, இந்தத் தெருவுல ஒருத்தரும் குறட்டையே வுடறதில்லியாமே" என்றேன்.

"எங்க வூட்ல இல்ல சார்" என்றவள் குரலைத் தாழ்த்தி, ஏழுமலை வீட்டுச் சுவரைக் கண்ணால் காட்டினாள். "இவரு வுடறதுல எங்க ஆடு மாடுகூடத் தூங்கறதில்ல. நடுவுல நின்னுடும் பாரு, ஒண்ணுமே கேக்காது. போயிட்டாரோன்னு நான் எழுந்து உக்காந்துக்குவேன். அப்பறம் தொபுக்குன்னு குளத்துலேர்ந்து எழுந்த மாதிரி ஒரு மூச்சு."

உள்ளேயிருந்து ஏழுமலையின் மனைவி செல்விக்கு அது கேட்டுவிட்டது. அவள் வெளியே வந்து, தனத்தின் கணவனுடைய குறட்டையைப் பற்றித் தெருவுக்கே கேட்கிற மாதிரி விளக்கினாள். அதில் ஒரு மின்மோட்டாரும் ஒரு பழைய லாரியும் வந்தன.

மும்தாஜ் பேனாவைத் திறந்தார். படிவத்தில் 'தாங்கள் குறட்டை விடுவீர்களா' என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'பக்கத்து வீட்டில் கேட்கிறதா' என்று எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவே பேசிவிட்டது. தன் வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிற அதே வாய், அடுத்த வீட்டு மானத்தைக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்தது. காலையில் ஒருவருக்கும் இல்லாத வியாதி, சாயங்காலம் வீடு தவறாமல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கும், அதை மிஷின் வைத்துத்தான் பார்க்கணும் என்றார் மும்தாஜ்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, ஏழுமலை மாதிரி ஒல்லி ஆளுக்கு எப்படி என்று கேட்டேன். இது என்னைப் போன்ற பருத்த கழுத்துக்காரர்களின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். "கழுத்து, தொப்பை, வயசு, குடி, பிரஷர், எல்லாம் காரணம்தான். ஆனா தாடை சின்னதா உள்ள தள்ளி இருந்தாலும் நாக்கு பின்னால விழுந்து தொண்டைய அடைச்சுக்கும். மூச்சுக்கு வழி இருக்காது. உடம்பு பதறி எழுப்பிவிடும். ராத்திரி பூரா இதே வேலை. பகல்ல தூங்காம இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டு என் தாடையைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

இரண்டாம் நாள் மாமல்லபுரம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது என் துரதிர்ஷ்டம். பாதி வழியில் யாரோ என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக நிமிர்த்தினார்கள். பக்கத்து சீட்டு ஆள்.

"அண்ணாத்தே, நான் எறங்கணும். தோள எடுத்துக்கினு போவட்டுமா, வச்சிட்டுப் போவட்டுமா?"

அவர் சட்டையில் ஈரம். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

மும்தாஜ் கடை வரிசையில் படிவத்தோடு நுழைந்தார். நான் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு எதிரே, நிழலில் ஒரு திட்டில் உட்கார்ந்தேன். பாறையில் ஒருவன் ஒற்றைக் காலில் நின்று கை தூக்கித் தவம் செய்கிறான். ஆயிரம் வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறான், ஒரு கொட்டாவி கிடையாது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் சிரிப்புச் சத்தம்தான் ஞாபகம். கண் திறந்தால் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் ஏதோ சொல்ல, புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் இளநீர் விற்றவருக்கு நாலைந்து நாட்டுப் பாஷை வரும். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணாத்தே."

"பரவால்ல, சொல்லுப்பா."

"இங்க இருக்கற சிலையிலயே இது ஒண்ணுதான் சத்தம் போடுது, ஆனா மூச்சு விடமாட்டேங்குதுன்னாங்க."

இதுவரை உறவுக்காரர்கள் மட்டும் அறிந்திருந்த என் குறட்டை இப்போது கடல் கடந்துவிட்டது.

அன்று வறுத்த மீன் சாப்பிட்டோம். சின்ன மீன், அப்போதுதான் படகிலிருந்து வந்தது, முள்ளோடு மெல்லலாம். சாப்பிடும்போது மும்தாஜ் அன்று எழுதியதில் ஒன்றை எனக்குப் படித்துக் காட்டினார். பாசிமணி விற்கிற ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவள். மூன்று வருடமாக உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது, காலையில் தலை வலிக்கிறது. யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "ஆம்பள தூங்கினா ஒழைச்ச அசதி. பொம்பள தூங்கினா சோம்பேறி. எவன்கிட்ட போய் சொல்றது?" மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடும், ஆனால் அவளைக் கேட்க ஆளில்லை என்றார் மும்தாஜ். அந்த அம்மாவின் பக்கத்துக் கடைக்காரர் அவள் தூங்குவதைப் பற்றி நிறையச் சொன்னாராம், எல்லாம் கேலியாக. நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி மத்தியானம் கண் அயர்ந்தால் நானும் அப்படித்தான் கேலி செய்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் புதுப்பட்டினம். மும்தாஜின் சொந்த ஊர். வேலை சீக்கிரம் முடிந்தது, சாப்பாடு அவர் வீட்டில். அவர் கணவர் காதர் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன், அன்று அவருக்கு விடுமுறை. பிரியாணி, கத்தரிக்காய், தால்ச்சா. எங்கள் பக்கம் கல்யாணத்தில் போடுகிற பிரியாணியில் மசாலாவுக்கு நடுவே கறியைத் தேடணும். இங்கே கறிக்கு நடுவே அரிசி வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது முறை வேண்டாம் என்று சொன்னபோது என் தட்டு நிறைந்திருந்தது.

சாப்பிட்டதும் காதரிடம், ஷிப்ட் முறையில் தூக்கம் எப்படி என்று கேட்டேன். கேள்வியை நான் முடித்தேனா என்று தெரியவில்லை. கண் விழித்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தேன், விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வைத்திருந்தோமே, அதே கிளிப். காதர் எனக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

மும்தாஜ் போனை என் முன்னால் நீட்டினார். வீடியோ. வாய் திறந்த ஒரு தடியன். தொப்பை மேலும் கீழும் தவிக்கிறது, ஆனால் சத்தமில்லை, காற்றில்லை. கிளிப்பில் தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, எண்பத்தாறு என்று எண் இறங்குகிறது. "எழுப்பலாமாடி" என்று காதரின் குரல் கேட்கிறது. அப்புறம் அந்தத் தடியன் ஒரு உலுக்கு உலுக்கி, தண்ணீரிலிருந்து தலை தூக்கியவனைப் போல மூச்சை இழுக்கிறான். எனக்கு அவனை அடையாளம் தெரிந்தது. தெரியாதது போல இருக்க முயன்றேன்.

"பிரியாணி கொஞ்சம் கனம். மூணு நாள் அலைச்சல் வேற" என்றேன்.

"அப்படியா" என்றார் மும்தாஜ். பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். "உங்க ரூமுக்குப் பக்கத்து ரூம்ல யாரு படுக்கறாங்க?"

எனக்கு விளங்கிவிட்டது. நானும் கூட இருந்து கண்டுபிடித்த வழி அது. "யாழினி" என்றேன். மும்தாஜ் என் போனிலிருந்தே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். தான் யாரென்று சொன்னார். பக்கத்து ரூமில் குறட்டை கேட்கிறதா என்று கேட்டார்.

"அப்பா பக்கத்துல கீறாரா?" என்று கேட்டாள் யாழினி. இருக்கிறார் என்றார் மும்தாஜ். மறைக்கவில்லை.

"கேக்கும் ஆண்ட்டி. அது பழகிடுச்சு. நிக்கும்போதுதான். நிக்கும்போது எண்ணுவேன். ஒண்ணு ரெண்டுன்னு. முப்பது தாண்டிச்சுன்னா சுவத்தத் தட்டுவேன். சில நாள் நாப்பதுக்கு மேல போவும்." பிறகு சொன்னாள்: "அன்னிக்கு ரோட்ல அவரு தூங்கறது எனக்குத் தெரிஞ்சுது. நான் ஸ்டியரிங்கப் புடிச்சுத் திருப்பினதாலதான் தடுப்புல ஏறுச்சு. இல்லன்னா முன்னால நின்ன லாரி மேலதான்."

இது எனக்குத் தெரியாது. ஆறு வாரமாக நாய்க்கு நிறமும் உயரமும் வைத்துக்கொண்டிருந்தேன், என் பிள்ளை லாரியை மனசுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக்கொண்டிருந்தாள். யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டு ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று முதல் நாள் நக்கலாக எழுதியிருக்கிறேன் இல்லையா, அதை அடித்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. இருக்கட்டும், நான் பட்ட வெட்கம் உங்களுக்கும் தெரியட்டும்.

மும்தாஜ் நன்றி சொல்லிப் போனை வைத்தார். காதர் எழுந்து உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியும், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயும், மூக்கில் மாட்டுகிற மாஸ்க்கும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"ரெண்டு வருஷமா நான் இத மாட்டிக்கினுதான் தூங்கறேன். காத்தத் தள்ளிக்கினே இருக்கும், தொண்ட அடைக்காது. மொத வாரம் பேஜாரு. புடுங்கிப் போட்ருவேன். இவ திரும்ப மாட்டுவா. வூட்ல எல்லாரும் பிள்ளையாருன்னுதான் கூப்புடறாங்க. எங்க வூட்ல பிள்ளையாரு, பாத்துக்கோங்க."

"தூக்கம்?"

"மதியம் ரெண்டு மணிக்கு இப்டி உங்கள மாதிரி ஆளுகூட முழிச்சிக்கினு பேசறேன். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

முதலில் வீட்டில் ஓர் இரவு மிஷின் கட்டிப் பரிசோதனை, பிறகு டாக்டர் சொல்கிறபடி மாஸ்க், எடை குறைப்பு, மல்லாந்து படுக்காமல் இருப்பது. டாக்டர் எழுத்தில் சரி என்று சொல்கிறவரை ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது. மும்தாஜ் தேதியைக் குறித்துக் கொடுத்தார். மூன்று நாளும் கணக்கெடுத்த படிவங்களின் மேல் என் படிவத்தையும் வைத்துக் கட்டினார். மாவட்டக் கணக்கில் நானும் ஒருவன். இதுவரை எந்தப் பட்டியலிலும் இவ்வளவு தகுதியோடு இடம் பெற்றதில்லை.

சாயங்காலம் கல்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். வேலை முடிந்த ஊழியர்களை ஏற்றிக்கொண்டு அணுமின் நிலையத்துப் பஸ்கள் வரிசையாக வந்தன. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை சாய்ந்திருந்தது. அணுவைப் பிளக்கிறவர்கள், வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பென்றால் சிரித்திருப்பேன். அன்று ஒவ்வொரு தலையையும் பார்த்து, இது வெறும் அசதியா, மற்றதா என்று யோசித்தேன். இவர்களில் யாருக்குப் பக்கத்து அறையில் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்களோ? என் பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

வீட்டில் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாய் இல்லை என்பதையும் சொன்னேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் தாளிக்கப் போய்விட்டாள். சாவியைப் பற்றி நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை யாழினி கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் குனிந்து செருப்பு வார் போட்டுக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றேன். பரிசோதனைத் தேதியைக் காட்டினேன். படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். இனிமேல் எண்ண வேண்டாம் என்றேன். தலையாட்டினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற புத்தி இருந்தால் இந்தக் கட்டுரையே இல்லையே.

"மாஸ்க் போட்டு, மூணு மாசம் ஒழுங்காத் தூங்கி, டாக்டரும் ஓட்டலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, வண்டில ஏறுவியா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

"மொதல்ல அம்மாவ ஏத்திக் காட்டு."